குடும்பத் தலைவர் என்ற கட்டம்

புதன்கிழமைகளில் எங்கள் கந்தோரில் பொதுமக்கள் தினம். காலை எட்டரைக்குக் கேற்றைத் திறப்பார்கள். முதல் ஆளாக அவர்தான் உள்ளே வருவார். கறுப்பு அபாயா, வெயிலில் வெளிறிப்போன நீலக் குடை, அக்குளில் ஒரு பிளாஸ்டிக் பைல். வந்ததும் யாரையும் பார்க்க ஓடமாட்டார். வாங்கில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிட்டு, வந்திருக்கிற பெண்களிடம் ஒவ்வொருவராக என்ன அலுவல் என்று விசாரிக்கத் தொடங்குவார். பத்து மணிக்கு என் மேசைக்கு வரும்போது அவர் கையில் மற்றவர்களுடைய அலுவல் ஆறேழு இருக்கும். அவருடைய அலுவல் ஒன்றும் இருக்காது. எங்கள் ஆட்கள் அவரைப் 'புதன்கிழமை ராத்தா', அதாவது புதன்கிழமை அக்கா, என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அப்போது அது பெரிய பகிடியாகத் தெரிந்தது.

எந்தக் கந்தோர் என்று நான் சொல்லப்போவதில்லை. கரையோரத்துப் பிரதேச செயலகங்களில் ஒன்று, கல்முனைச் சந்தைக்கு பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அவ்வளவு போதும்.

அவரை நான் முதலில் கண்டது கந்தோரில் அல்ல, சுனாமியில் கடல் வந்துபோன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில். அப்போது நான் வேலைக்குப் புதிது. புதுவீடு கொடுப்பதற்கான விண்ணப்பப் போம் நிரப்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் முகாம் மூலையில் ஒரு தறப்பாளைக் கட்டி, சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடலுக்கு முன்பு அவர் பாலர் பாடசாலை ரீச்சர். பாடசாலை போய்விட்டது. ரீச்சர் மட்டும் மிச்சம்.

போமின் முதல் கட்டத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்தது. இந்தக் கதை முழுக்க அந்த ஒரு கட்டத்தைப் பற்றியதுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் கல் வாங்கிச் சேர்க்கத் தொடங்கிவிடுவான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துசேர்வார். நானும் அப்படி வந்தவன்தான். எங்கள் வீட்டில் சண்டை முற்றினால் வெளியே போகவேண்டியவன் நான்தான் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். இது யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது?

அந்த எண்ணம்தான் எங்களைக் கவிழ்த்தது. குடும்பத் தலைவர் யார் என்று நான் முகாமில் கேட்டபோது, ஒவ்வொரு பெண்ணும் புருஷனைத்தான் காட்டினாள். புருஷனின் பெயரைத் தன் வாயால் சொல்லக் கூச்சப்பட்ட வயதான பெண்கள் பிள்ளையைக் கிள்ளிச் சொல்லவைத்தார்கள். புருஷன் பக்கத்தில் நிற்க, நான்தான் தலைவர் என்று எந்தப் பெண் சொல்வாள்? கடதாசி அரசாங்கத்துக்கு, வீடு எனக்கு என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடல் கொண்டுபோன வீடுகள் எல்லாம் பெண்களுடையவை. அவற்றுக்குப் பதிலாக வந்த வீடுகள் எல்லாம் ஆண்களுடையவையாக மாறியது என் பேனாவால்தான், ஒரு கிழமைக்குள்.

ரீச்சருடைய முறை வந்தபோது மட்டும் அவர் போமை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் அவர் கணவர், கையில் ஒன்றரை வயது மகள்.

"தம்பி, இது வீட்டுக்கான போமா, மரியாதைக்கான போமா?"

நான் சிரித்துவிட்டேன். எல்லாம் ஒன்றுதான் ராத்தா, வீடு உங்களுக்குத்தானே என்று சொன்னேன். படித்த பையன் சொல்கிறான் என்று நம்பியிருக்க வேண்டும். திருப்பித் தந்துவிட்டார். நான் கணவரின் பெயரை எழுதினேன்.

அவருக்கு ஒரு வழக்கம். எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், வடிகானோ, தண்ணீர்க் குழாயோ, பாதையோ, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார். "எல்லாம் சரி தம்பி. புள்ள எங்க படுக்கிற?"

புதுவீட்டின் வரைபடத்தை விளக்க மேலிடத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். ஒரு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. நல்ல மனிதர், கொஞ்சம் தமிழும் தெரியும். கூட்டம் முடிகிற நேரத்தில் இவர் எழும்பித் தன் கேள்வியைக் கேட்டார். மண்டபத்தில் படுக்கலாமே என்றார் அவர். இவர் பையிலிருந்து சோக்கட்டியை எடுத்து, கந்தோர் விறாந்தைத் தரையில் அந்த வீட்டை அதே அளவில் கீறினார். அடி அடியாகக் கால் வைத்து அளந்து கீறினார். பிறகு வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆறு பேரையும் உள்ளே படுக்கச் சொன்னார். நடுவில் வாப்பா உம்மாவாக நடிக்க எங்கள் பியோனையும் காவலாளியையும் படுக்கவைத்தார். பியோன் கால் நீட்டியபோது ஒரு பிள்ளை குசினிக்குள் உருண்டது. கந்தோரே சிரித்தது. பொறியியலாளரும் சிரித்தார். பிறகு குனிந்து அந்தக் கோடுகளைத் தன் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். அந்த வீடுகளில் இன்று பின்பக்கமாக ஒரு சின்ன அறை இருக்கிறது. அது அந்தச் சோக்குக் கோட்டிலிருந்து வந்தது. அந்த அறையில் வளர்ந்த பிள்ளைகள் யாருக்கும் இது தெரியாது.

அவர் ஏன் அதையே கேட்கிறார் என்று எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர். அமைதியான மனிதர். கடலுக்கு முன்பு மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியில் கணக்கப்பிள்ளை. புதன்கிழமைகள் தொடங்கிக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஒருநாள் தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். அவர்களுக்கு மகளுக்கு முன்பு இரண்டு ஆண் பிள்ளைகள். கடல் வந்த அன்றைக்கு லீவு நாள். முந்திய இரவு புழுக்கமாக இருந்ததால் காற்று வருமென்று கடல் பக்கத்து அறையில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறார் தாய். காலையில் எழுப்பப் போனவர், கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, கைப்பிள்ளையோடு பின்வளவுக்குப் போயிருக்கிறார்.

"பாய் போட்டது அவதானே. அதத்தான் இன்னும் கேட்டுக்கொண்டு திரியிறா," என்றார் கணவர்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது தடுக்கவுமில்லை.

வீடுகளைக் கையளித்து ஒரு வருடம் ஆகவில்லை, பிழை வெளியே வந்தது. முகாமில் அவருக்குப் பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஒரு பெண்ணின் புருஷன் இன்னொரு கலியாணம் முடித்தான். வீடு தன் பெயரில் இருக்கிறது என்று சொல்லி, புதியவளை அங்கே கொண்டுவந்து வைத்தான். முதல் மனைவி நான்கு பிள்ளைகளோடு தாயின் வீட்டுக்குப் போனாள். எங்கள் ஊர்களில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. வீட்டை விட்டுப் போகிறவன் ஆண்தான். ராத்தா அந்தப் பெண்ணையும் நான்கு பிள்ளைகளையும் என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. போமை எடுக்கச் சொன்னார், முதல் கட்டத்தில் விரலை வைத்தார், எடுத்தார்.

அன்றிலிருந்துதான் அந்தப் புதன்கிழமைகள். அவருடைய கோரிக்கை சின்னது. அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தால், அதில் தாயின் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு அல்ல, ஒரு ஊருக்கு அல்ல, நாட்டுக்கே அப்படி விதி வேண்டும். அமைச்சுக்கு எழுதினார், ஆணைக்குழுவுக்கு எழுதினார், கட்சிக்காரர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார். வீரமுனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் தமிழ்ப் பெண்களைக் கூட்டிவந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். தமிழ், முஸ்லிம் கலவரக் காலத்தை மறக்காத இரண்டு பக்கத்தாரும் அதற்காக அவரைக் கோபித்துக்கொண்டார்கள். மனுக்களைப் பெரும்பாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். நான் அழகாக எழுதி வைத்ததை எல்லாம் வெட்டிவிட்டு, கடைசியில் ஒரே வரியை எழுதச் சொல்வார்: "புள்ளைகள் உம்மாவோடதான் போகும். வீடும் அவங்களோட போகட்டும்."

அந்த வீடுகளுக்கு உறுதிப் பத்திரம் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. பட்டியலில் பெயர் மட்டும்தான் இருந்தது. கணவன் சம்மதித்து ஒரு கடிதம் தந்தால் பட்டியலில் பெயரை மாற்ற எனக்கு அதிகாரம் இருந்தது. ஒருநாள் அதை அவரிடம் சொன்னேன். உங்கள் கணவர் நல்லவர், ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், உங்களுடையதை இன்றைக்கே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"அவர் வைப்பார். மத்த ஆம்புளைகள் கையெழுத்து வைப்பாங்களா? நான் என்ட வேலைய முடிச்சிட்டுப் போய்ட்டா, அடுத்த புதன்கிழம நான் என்ன முகத்தோட இஞ்ச வாற? எல்லாருக்கும் சேத்து வரட்டும் தம்பி."

சில வருடங்கள் போயின. நான் மேசையும் கதிரையும் மாறினேன், தலைமுடியும் குறைந்தது. அவர் வந்துகொண்டேயிருந்தார். இடையில் வேறு சண்டைகளும் பிடித்தார். வெளிநாட்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கிராம சேவகர்கள் மாதமொருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்றார். அது ஆறு மாதம் நடந்தது, பிறகு நின்றது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி வேண்டுமென்றார். அது இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் மட்டும் அசையவில்லை.

அந்த ஒரு புதன்கிழமையைத்தான் நான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்ததேயில்லை. கையில் பைல் இல்லை. அந்த மாதம் எங்கள் கந்தோரில் கணக்காய்வு. பழைய பட்டியல்களில் யார் யார் பெயர் மாற்றினார்கள் என்று துருவிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். அவர் முன்னால் உட்கார்ந்து, மேசையில் இருந்த குண்டூசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, என்ட ஒண்ட மட்டும் மாத்தித் தர ஏலுமா?"

நான் தலையைத் தூக்கிச் சிரித்தேன். "என்ன ராத்தா, நீங்களா இப்பிடிக் கேக்கிற? எல்லாருக்கும் சேத்து வரட்டும் எண்டு நீங்கதானே சொன்ன?"

பகிடியாகத்தான் சொன்னேன். பகிடிக்குப் பின்னால் கணக்காய்வுப் பயம் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். அவரும் சிரித்தார். "ஓம், நான்தானே சொன்ன," என்று எழும்பிப் போனார். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் தனக்கென்று வாய் திறக்காதவர் கேட்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மூன்று கிழமையில் அவர் கணவரின் ஜனாஸாவை அடக்கினோம். சிறுநீரக வருத்தம். அந்தப் புதன்கிழமைக்கு முதல்நாள்தான் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து வைக்க அவர் கையில் அப்போது பலம் இருந்தது.

வீடு கணவரின் பெயரில் இருந்தது. ஆகவே அது அவர் விட்டுச் சென்ற சொத்து. மார்க்கச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒரே மகளுக்குப் பாதி, மிச்சம் கணவருடைய சகோதரர்களுக்கு. ஒரு ஆண் பிள்ளை இருந்திருந்தால் சகோதரர்களுக்கு ஒன்றும் போயிருக்காது. இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். கடலோரத்தில் பாயில் படுத்திருந்தார்கள்.

சகோதரர்கள் கெட்டவர்கள் அல்ல. மூத்தவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், அவர்களுக்கும் வீடு வேண்டும். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்களோடு வந்து மரியாதையாகத்தான் தங்கள் ஹக்கை, உரிமைப் பங்கை, கேட்டார்கள். பங்கு பிரிக்கக்கூடிய அளவுக்கு அந்த வீடு பெரிதல்ல. விற்கவேண்டி வந்தது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க ராத்தா என் மேசைக்கு வந்தார். நான் ஏதோ மன்னிப்பு மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அல்லாஹ்ட பங்கில பிழையில்ல தம்பி. பிழை போமில."

என்னில் பிழை என்று அவர் சொல்லியிருந்தால் நான் அதை எப்படியாவது சீரணித்திருப்பேன்.

மகளோடு வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய், சொந்தக்காரர் ஒருவரின் வளவில் ஒரு அறையில் இருந்தார். புதன்கிழமைகள் நின்றன. கேற்றைத் திறக்கிற நேரத்தில் வாங்கைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. யாருடைய புதுவீட்டுக்குப் போனாலும், எல்லோரும் டைல்ஸைப் பார்க்கும்போது நான் பாய் சுருட்டி வைத்திருக்கிற மூலையைத் தேடுகிறேன்.

பிறகு, அவர் கேட்பதை விட்டு நெடுநாள் ஆன பிறகு, சுற்றறிக்கை வந்தது. அரசாங்கம் கொடுக்கிற வீட்டில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கவேண்டும். புதுப் போமில் குடும்பத் தலைவர் என்ற கட்டமே இல்லை. தந்தை, தாய் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். பழைய பதிவேட்டிலும் மனைவிமாரின் பெயர்களைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. அந்த வேலையை நான் கீழே உள்ளவர்களிடம் கொடுக்கவில்லை. பதிவேட்டை என் மேசைக்கு எடுப்பித்து நானே எழுதினேன். அவருடைய இலக்கம் வந்தது. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். விற்ற வீடுகளை விட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனாலும் எழுதினேன். அவருடைய முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு, அடையாள அட்டை இலக்கத்தோடு, நல்ல மையில் எழுதினேன். கண் கலங்கியது. ஒரு கடனைத் தீர்த்த நிம்மதியோடு லுஹர் தொழப் போனேன்.

போன மாதம் அவருடைய மகள் வந்தாள். கல்முனையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாளாம். நாடி அப்படியே தாயின் நாடி. உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு கொஞ்சம் கொஞ்சம்தான் வருகிறது, படுக்கையில் இருக்கிறா என்றாள். அவர்கள் இருந்த அறையையும் சொந்தக்காரர் கேட்கிறார், அவருடைய மகளுக்குக் கலியாணமாம். ஆண் துணையில்லாத தாய்மாருக்கு வீடு கொடுக்கும் புதுத் திட்டம் வந்திருக்கிறது அல்லவா, அதற்கு உம்மாவின் போமைக் கொண்டுவந்திருந்தாள். தாயின் பெயரில்தான் விண்ணப்பம், தாயின் பெயரைத்தான் பார்ப்பார்கள். இடதுகையால் வைத்த கையெழுத்து, கோணலாக இருந்தது. நான் எழும்பி, அந்தப் பிள்ளையை எங்கள் கந்தோரின் வீடமைப்புப் பகுதி உத்தியோகத்தரிடம் நானே கூட்டிப்போனேன். முதல் வீடு இவர்களுக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்தாள். திரும்ப அடித்தாள்.

"இவங்களுக்கு ஏலாது சேர். இவங்கட பேர்ல ஏற்கனவே வீடு குடுத்திரிக்கி. ஒருக்கா எடுத்தவங்களுக்குத் திரும்பக் குடுக்கேலா."

பதிவேட்டைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. நான் எழுதிய அதே ஒழுங்கில். கீழே நான் எழுதிய திகதி.

நீக்கச் சொல்லி மேலே எழுதலாம். எழுதத்தான் போகிறேன். ஏன் சேர்த்தாய் என்று கேட்பார்கள், விதியை மீறியதை ஒப்புக்கொள்ளவேண்டும், விசாரணை வைப்பார்கள், இந்தத் திட்டத்தின் கடைசி நாளுக்குள் அது முடியாது. அந்தப் பிள்ளை அழவில்லை. கணினியை எட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, ஒரு மாதிரி ஆச்சரியம்தான்.

"எங்கட உம்மாட பேர்லயா சேர்? எப்ப குடுத்த?"

நான் திரையில் இருந்த திகதியை விரலால் காட்டினேன்.

"அந்தத் திகதிய ஒருக்கா எழுதித் தாங்க சேர். அவட பேர் வந்திரிக்கி எண்டு சொன்னா உம்மா சந்தோசப்படுவா."

நான் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, திகதியை எழுதிக் கொடுத்தேன்.